சுழிக்கு ஆணி

டப்பாவைத் திறந்தேன். உள்ளே ஓர் எலுமிச்சம்பழம் இருந்தது.

வேறு யாருடைய டப்பாவோ என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை, என்னுடையதுதான். மூடியில் நான் ஒட்டிய சீட்டு இருந்தது. கலாதேவி, ஆய்வுக்கூடம், தொடாதீர்கள் என்று மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தேன். தமிழில் எழுதவில்லை. தமிழில் எழுதிவைக்க வேண்டிய ஆள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறாள் என்பது எனக்குத் தோன்றவில்லை. நேற்றுக் காலைவரை என் படிகங்கள் இருந்த பஞ்சின்மேல் குங்குமம் வைத்த பழம் சட்டமாக உட்கார்ந்திருந்தது.

அவை ஒன்றும் வைரம் இல்லை. இரும்பு, டெல்லூரியம், செலினியம் மூன்றையும் கண்ணாடிக் குழாயில் போட்டு, காற்றை உறிஞ்சி எடுத்து, உருக்கி, நாள்கணக்கில் மெதுவாக ஆறவிட்டால் கிடைப்பவை. நகத்தில் பாதி அகலம் இருக்கும். அடுக்கடுக்காக உரியும். பார்க்க வெள்ளித் தகடு மாதிரி இருக்கும். தகடு என்றேதான் நானும் நஸ்ரியாவும் சொல்வோம். நஸ்ரியா என் ஆய்வுக்கூடத்துத் தோழி, ஹுத்தான் மெலிந்தாங் ஊர்ப் பெண், என்னைவிட இளையவள். அவளுடைய ஆய்வுக்கு இன்னும் காலம் இருக்கிறது. எனக்கு இல்லை. நீட்டிப்பு வாங்கி வாங்கி, இனிமேல் முடியாது என்று பல்கலைக்கழகம் கையை விரித்துவிட்டது. இந்தப் பருவம் முடிவதற்குள் என் கடைசி அத்தியாயம் போய்ச் சேராவிட்டால் முனைவர் பட்டம் இல்லை, இத்தனை வருட உழைப்புக்கும் பெயர் இல்லை. கடைசி அத்தியாயத்துக்கு அந்தத் தகடுகள் வேண்டும். புதிதாகச் செய்யவும் முடியாது. உலை சென்ற மழைக்காலத்தில் உயிரை விட்டது. ஜப்பானில் ஓர் ஆய்வகம் தன் பெரிய காந்தத்தில் அளந்து பார்க்க எங்களுக்கு நேரம் ஒதுக்கியிருந்தது. நஸ்ரியா இன்று மதிய ரயிலில் ஈப்போவிலிருந்து கிளம்பிக் கோலாலம்பூரில் விமானம் ஏறுகிறாள். தகடுகளை அவள் கையில் சேர்ப்பதுதான் எனக்கு இருந்த ஒரே வேலை.

“அம்மா! என் டப்பால இருந்தது எங்க?”

அம்மா சமையலறையில் நெத்திலித் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். நிமிரக்கூட இல்லை.

“ஆத்தாகிட்ட சேத்துட்டேன்.”

“எந்த ஆத்தா?”

“நம்ம பழைய தோட்டத்து ஆத்தாதான். நேத்து வெள்ளிக்கிழமைலா. பக்கத்து வீட்டு இருளாயி சுங்கை சிப்புட் போனா, அவ காடியில நானும் ஏறிக்கிட்டேன். புளி போட்டுத் தேச்சு, மஞ்சத் தண்ணியில கழுவி, உண்டியல்ல போட்டுட்டேன். இனி உன்னை ஒண்ணும் அண்டாது.”

“புளியா?”

“ஆமா. மேல கறுத்துக் கெடந்துச்சு. வெளக்கு தேக்கிற மாதிரி தேச்சேன். பளிச்சுன்னு ஆயிருச்சு.”

நான் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். நவமணி என்கிற என் அம்மா, கையுறைத் தொழிற்சாலையில் பாதி ஆயுளைக் கழித்தவள், ஒரு கிழிசல் கையுறையைக்கூடக் கண்ணுக்குத் தப்பவிடாதவள், என் ஆய்வைப் புளி போட்டுத் தேய்த்து உண்டியலில் போட்டிருக்கிறாள்.

எல்லாம் வியாழக்கிழமை சாயங்காலம் நான் தொலைபேசியில் பேசியதால் வந்த வினை. எங்கள் ஆய்வுக்கூடத்தில் மற்றவர்கள் மலாயோ ஆங்கிலமோ பேசுவார்கள். நானும் நஸ்ரியாவும் மட்டும் தமிழ். பேராசிரியரை நிம்மதியாகத் திட்டுவதற்காக ஆரம்பித்தது, பிறகு வேலையையும் தமிழிலேயே பேசுவது பழக்கமாகிவிட்டது. சொல் கிடைக்காத இடத்தில் கைக்கு வந்ததைப் பிடித்துப் போட்டோம்.

எங்கள் தகட்டைக் கடுங்குளிரில் வைத்தால் அது மின்சாரத்தைத் துளிகூடத் தடுக்காமல் விடும். மீகடத்தி என்பார்கள். ஆனால் அருகே பெரிய காந்தத்தைக் கொண்டுவந்தால், காந்தப்புலம் சின்னச் சின்னச் சுழலாகத் தகட்டுக்குள் நுழைந்துவிடும். அதற்கு நாங்கள் வைத்த பெயர் சுழி. மின்சாரம் ஓடும்போது இந்தச் சுழிகளைப் பிடித்துத் தள்ளும். சுழி நகர்ந்தால் போச்சு, தகடு சூடாகும், மின்சாரம் வீணாகும். நகராமல் நின்றால் பிரச்சினை இல்லை. ஆனால் நிற்கப் பிடிமானம் வேண்டுமே. தகட்டில் எங்காவது ஒரு குறை, ஓர் ஓட்டை, இடம் மாறிய ஓர் அணு இருந்தால் சுழி அங்கே மாட்டிக்கொள்ளும். அந்தக் குறைக்கு ஆணி என்று பெயர் வைத்தோம். அடுக்குகளுக்கு நடுவே சேராமல் திரியும் கொஞ்சம் இரும்பு குட்டிக் காந்தமாக இருந்து சுழிக்கு ஆணியாகிறது என்பதுதான் என் ஆய்வு. அந்த இரும்பு கூடினால் எல்லாமே கெடும், அளவோடு இருந்தால் கட்டும். இந்த நாலு வரியைச் சொல்வதற்குத்தான் என் இளமை போயிற்று.

ஆக, வியாழக்கிழமை நான் நஸ்ரியாவிடம் சொன்னது இது:

“பிரச்சினை பூரா அந்தத் தகட்டுலதான் இருக்கு. சுழி நிக்க மாட்டேங்குது. ஆணி சரியா எறங்கல. இந்தத் தடவையும் கட்டலன்னா என் கதை முடிஞ்சுச்சுலா.”

அடுத்த அறையில் அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

அவளைப் பொறுத்தவரை தகடு என்றால் வாசற்படிக்கு அடியில் புதைப்பது. ஆணி என்றால் பேயைப் பிடித்து மரத்தில் அறைவது. சுழியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். என் உச்சந்தலையில் ரெட்டைச் சுழி. அது ஒருநாள் வேலையைக் காட்டும் என்று நான் பிறந்ததிலிருந்து சொல்லிக்கொண்டிருப்பவள் அவள். யாரோ மகளுக்குத் தகடு வைத்துவிட்டார்கள், மகளுக்கும் அது தெரிந்திருக்கிறது, தெரிந்தும் அதை அலமாரியில் ஒளித்து வைத்திருக்கிறாள். என் ஆய்வுக் கட்டுரைகளில்கூட எதுவும் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியது கிடையாது.

“அது படிப்பு சாமான்மா!” என்று ஒருவழியாகக் கத்தினேன்.

“படிப்பு சாமானுக்கு எதுக்குடி சுழி, ஆணின்னு பேசணும்?”

கார் சாவியை எடுத்தேன்.

“ஏறு காடியில. சுங்கை சிப்புட் போலாம்.”

“நான் எதுக்கு? சாமிக்குப் போட்டதப் போய் கேக்கக் கூடாது.”

“மொதல்ல கைய சோப்பு போட்டுக் கழுவு. பிறகு ஏறு.”

டெல்லூரியம் உடம்பில் ஏறினால் மூச்சில் பூண்டு நாறும். எனக்கு ஒருமுறை அப்படி ஆகி, வாரக்கணக்கில் யாரும் பக்கத்தில் உட்காரவில்லை. அம்மாவின் கையைப் பிடித்து முகர்ந்து பார்த்தேன். நெத்திலிதான் நாறியது.

எங்கள் வீடு இருக்கும் சிலிபினிலிருந்து கிளம்பிச் செம்மோர் தாண்டும்வரை முன்னால் ஒரு மண் லோரி. முந்தவும் முடியவில்லை, ஹாரன் அடிக்கவும் கை எழவில்லை. அம்மா பக்கத்தில் பையை மடியில் வைத்துக்கொண்டு, தப்பே செய்யாதவர்கள் உட்காரும் விதத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். தொலைபேசி அடித்தது. நஸ்ரியா. ஒலிபெருக்கியில் போட்டேன்.

“அக்கா, நான் ஈப்போ ஸ்டேசனுக்கு வந்துட்டேன். நீங்க எங்க?”

“சுங்கை சிப்புட் போய்க்கிட்டு இருக்கேன்.”

“அங்க எதுக்கு?”

“தகடு உண்டியல்ல இருக்கு.”

“எந்த உண்டியல்க்கா?”

“கோயில் உண்டியல். எங்கம்மா புளி போட்டுத் தேச்சு, ஆத்தாவுக்குக் காணிக்கையா போட்டுட்டாங்க.”

“அலாமாக்!” என்று மலாயில் அலறினாள். பிறகு சிரித்துவிட்டாள். பிறகு, “சாரிக்கா. உண்மையாவே சாரி. ரயில் கெளம்புறதுக்குள்ள வந்துருவீங்கதானே?” என்றாள்.

“வாரேன்.”

“யாரு அந்தப் புள்ள?” என்று அம்மா கேட்டாள். “சாமி விசயத்துல சிரிக்குது?”

“அவதான் தகட்ட ஜப்பானுக்குக் கொண்டு போறா.”

“ஜப்பான்காரனுக்கும் தகடு வைக்கிறீங்களா?” என்றாள் அம்மா. அவள் விளையாட்டாகச் சொன்னாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

தோட்டம் என்று சொல்கிறோமே தவிர, அங்கே இப்போது தோட்டம் இல்லை. ரப்பர்ப் பால்மரம் போய் எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்தது, செம்பனையில் பாதி போய் வரிசை வீடுகள் வந்தன. நாங்கள் குடியிருந்த லயம் இருந்த இடத்தில் கார் கழுவும் கடை இருக்கிறது. கோயில் மட்டும் முன்பக்கம் புது டைல்ஸ், பின்பக்கம் பழைய தகரக் கூரை என்று நிற்கிறது. எனக்கு அந்த இடத்தின்மேல் ஏக்கமெல்லாம் கிடையாது. கொசு அதிகம், அப்போதும் இப்போதும்.

ஐயாவு மாமா குழாய் வைத்து முன்மண்டபத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். முன்பு லோரி ஓட்டியவர். இப்போது கோயில் தலைவர். பூசாரி திருவிழாவுக்குத்தான் வருவார் என்பதால் மற்ற நாளில் விளக்கேற்றுவது, கழுவுவது, உண்டியல் சாவி எல்லாம் அவரிடம்தான். நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் குழாயை மூடாமலே கேட்டார்.

“உண்டியல்ல விழுந்தது ஆத்தாவோடது தாயி. எடுத்துக் குடுக்க நான் யாரு?”

“தெரியாமப் போட்டது மாமா. அது என் பரிச்சை சாமான்.”

“தெரிஞ்சுதான் போட்டேன்,” என்றாள் அம்மா பின்னாலிருந்து.

“அது என்ன சாமான்னு சொல்லு பாப்போம்,” என்றார் அவர்.

மண்டபத்துத் தண்ணீர் மூலையில் இருந்த ஓட்டையில் சுற்றிச் சுற்றி இறங்கிக்கொண்டிருந்தது. நான் அதைக் காட்டினேன். “இந்தச் சுழி மாதிரிதான் மாமா. தகட்டுக்குள்ள காந்தம் இப்படிச் சுழி சுழியா நிக்கும். இந்தச் சுழி எங்கயாச்சும் நகருதா? நகராது. ஏன்னா ஓட்டை இங்கதான் இருக்கு. ஓட்டை இருக்கறதால ஒரே எடத்துல நிக்குது. எங்க தகட்டுலயும் அப்படித்தான். நின்னுச்சுன்னா கரண்ட் வீணாகாம ஓடும். நகந்துச்சுன்னா வீணாப் போயிரும்.”

அவர் ஓட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அப்ப கரண்ட் சமாச்சாரம்.”

“ஆமா.”

“கரண்ட் ஆபீஸ்ல சொன்னா வந்து பாக்க மாட்டானுங்களா?”

“இல்ல மாமா.”

“ஓட்டை ஒடைசல் இருந்தாத்தான் நல்லதுங்கிற?”

“ஆமா. குறையே இல்லாம இருந்தா சுழிக்குப் பிடிமானம் கெடையாது.”

“வெளங்கல,” என்றார் அவர் ஒளிவு மறைவில்லாமல். “ஆனா நீ பொய் சொல்லல, மொகத்துல தெரியுது. ஒண்ணு பண்ணலாம். ஆத்தாகிட்ட பூ கேப்போம். வெள்ளப் பூ வந்தா திருப்பித் தாரான்னு அர்த்தம். செவப்பு வந்தா அவளுக்கே. போட்ட ஆள்தான் எடுக்கணும்.”

“அண்ணே, குடுக்காதீங்க,” என்றாள் அம்மா.

எனக்குப் பொறுமை அறுந்தது. கோயில் என்றும் பார்க்கவில்லை. “எனக்கு யாரும் செய்வினை வைக்கலம்மா! தகடுங்கிறது வேற, சுழிங்கிறது வேற. எத்தன தடவ சொல்றது? உன் முட்டாள்தனத்தால என் படிப்பே போகப் போகுது.”

முட்டாள்தனம் என்று சொன்னது தப்பு. சொன்ன வாயை மூடுவதற்குள் அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. ஆனால் அவள் கத்தவில்லை.

“செய்வினை இல்லங்கிற. சரி, இல்லன்னே வச்சுக்குவோம். அப்ப யாருடி உன்னை இப்படி ஆக்குனது?”

“எப்படி ஆக்குனது?”

“தெனம் சாயங்காலம் வீட்டு வாசல்ல காடிய நிறுத்துற. எறங்க மாட்டேங்குற. எஞ்சின அணைச்சுட்டு, ஸ்டேரிங்க புடிச்சுக்கிட்டு அப்படியே உக்காந்திருக்க. நான் ஜன்னல் ஓரம் நின்னு பாத்துக்கிட்டே இருக்கேன். கேட்டத் தெறக்கக்கூட ஒனக்குத் தெம்பு இல்ல. பிறகு உள்ள வந்து, ரோட்டுல ஜாம்மாங்கிற. ஏண்டி, நம்ம வாசல்லயா ஜாம்? நல்லா இருந்த புள்ளைக்கு யாரும் ஒண்ணும் வைக்காமலா இப்படி ஆகும்?”

ஐயாவு மாமா குழாயை மூடினார். ஜன்னல் திரை அசைவதை ஒருநாள்கூட நான் கவனித்ததில்லை.

அவர் வாழையிலைத் துண்டில் ஒரு செம்பருத்தியையும் இன்னொரு துண்டில் ஒரு நந்தியாவட்டையையும் மடித்தார். இரண்டையும் உருட்டிக் குலுக்கி, அம்மன் காலடியில் வைத்துவிட்டுக் கற்பூரம் காட்டினார். மணி அடித்தார். பிறகு அம்மாவைப் பார்த்துத் தலையசைத்தார்.

அம்மா கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். அவள் எதைக் கேட்டிருப்பாள் என்று எனக்குத் தெரியும். சிவப்பைத்தான் கேட்டிருப்பாள். நான் வெள்ளையைக் கேட்க வேண்டும். கைகூப்பி, கண்ணை மூடி, வெள்ளை என்று நினைக்கத் தொடங்கினேன். சாமி நம்பிக்கை எனக்குப் பெரிதாக இல்லை, இருந்தாலும் ஆபத்துக்குப் பாவமில்லை. ஆனால் மனம் என் பேச்சைக் கேட்கவில்லை. அது பாட்டுக்குச் சிவப்பு, சிவப்பு, ஆத்தா சிவப்பைக் கொடுத்துவிடு என்று சொல்லிக்கொண்டிருந்தது. நான் அதை அடக்கப் பார்த்தேன். அது இன்னும் சத்தமாகச் சொன்னது. சிவப்பு வந்தால் எல்லாம் முடிந்துவிடும். ஜப்பானிலிருந்து வரும் எண்களுக்காகக் காத்திருக்க வேண்டாம். வந்த எண்கள் பொருந்தாமல் போய், ஏன் பொருந்தவில்லை என்று எழுத வேண்டாம். வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளலாம். எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது.

அம்மா ஒன்றை எடுத்தாள். ஐயாவு மாமா பிரித்தார்.

நந்தியாவட்டை.

“பாத்தியா!” என்றார் அவர். “ஆத்தாவுக்கே நீ படிக்கணும்னு ஆச.”

நான் அழுதேன். முகத்தைப் பொத்திக்கொண்டு, சின்னப்பிள்ளை மாதிரி, மூக்கு ஒழுக அழுதேன். “சந்தோசத்துல அழுவுது,” என்று ஐயாவு மாமா சொல்லிக்கொண்டே சாவியைத் தேடினார். அம்மா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது முகத்தைப் பொத்தியிருந்தும் எனக்குத் தெரிந்தது.

உண்டியலைத் திறந்து பாயில் கொட்டினார்கள். காசு, கசங்கிய நோட்டு, ஒரு தொட்டில் பொம்மை, யாரோ நேர்ந்துகொண்ட வெள்ளிக் கண்மலர். அதற்குள் என் தகடுகளை எனக்கே அடையாளம் தெரியவில்லை. அம்மாதான் கண்டுபிடித்தாள். குனிந்து, நகத்தால் ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்து, முந்தானையில் வைத்தாள். ஓரங்களில் மஞ்சள் ஏறியிருந்தது. ஒன்று இரண்டாக உடைந்திருந்தது. அவள் தேய்த்ததில் மேல் அடுக்குகள் உரிந்துபோய், உள்ளே இருந்தது கண்ணாடி மாதிரி மின்னியது. என் கையால் நான் உரித்தபோதெல்லாம் அப்படி வந்ததில்லை. திராட்சை மதுவில் இருக்கிற அமிலம் புளியிலும் இருக்கிறது. இந்த மாதிரித் தகடுகளைச் சூடான மதுவில் ஊறவைத்து அதிகப்படி இரும்பை வெளியேற்றியவர்கள் உண்டு. அம்மாவின் புளி எவ்வளவு இரும்பை எடுத்தது, எத்தனை ஆணியைப் பிடுங்கியது, எதை விட்டுவைத்தது, யாருக்கும் தெரியாது. அளந்து பார்த்தால்தான் உண்டு. ஒரு காலத்தில் அந்தக் கேள்வி ஒன்றே என்னை வாரக்கணக்கில் தூங்கவிடாமல் செய்திருக்கும். இப்போது அதை யாராவது வேறு ஒருவர் பார்த்துச் சொன்னால் தேவலை என்றுதான் இருந்தது.

திரும்பி வரும் வழியில் அம்மா தகடுகளை முந்தானையிலிருந்து டப்பாவுக்கு மாற்றினாள். லோரி எதுவும் மறிக்கவில்லை.

ஈப்போ ரயில் நிலைய வாசலில் நஸ்ரியா பெட்டியோடு நின்றிருந்தாள். அம்மாவை வெளியில் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு உள்ளே ஓடினேன். டப்பாவை அவள் கையில் கொடுத்தேன். அவள் திறந்து பார்த்து, “மஞ்ச வாசம் வருதுக்கா,” என்றாள்.

“புளி, மஞ்சள், உண்டியல். எல்லாத்தையும் எழுதிக்க. எதையும் மறைக்காத.”

“ஓகேக்கா. ரிசல்ட் வந்ததும் ஒடனே அனுப்புறேன்.”

“எனக்கு அனுப்ப வேணாம். உன் ஆய்வுல போட்டுக்க. இனிமே இது உன்னோடது.”

அவள் முதலில் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்ததும் நிறுத்தினாள்.

“அப்ப உங்க தீசிஸ்?”

“விட்டுட்டேன்.”

அந்தச் சொல்லைச் சொல்ல வாயே வராது என்று இத்தனை காலமாக நினைத்திருந்தேன். மிகச் சாதாரணமாக வந்தது. நஸ்ரியாதான் பதறினாள். “அக்கா, அவசரப்படாதீங்க. அம்மா தெரியாமக் கழுவிட்டாங்கன்னு சொல்லுவோம். பல்கலைக்கழகத்துல இருக்கிறவங்க என்ன கல்லா? காரணம் இருக்குல்ல. இன்னொரு தடவ நீட்டிப்புக் கேக்கலாம். யாரும் உங்கள ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.”

அவள் சொன்னது சரிதான். அதைவிட நல்ல காரணம் எனக்கு இனி ஆயுளுக்கும் கிடைக்காது. படிக்காத தாய், சாமி, புளி. கேட்டவர்கள் அனைவரும் உச்சுக்கொட்டுவார்கள். நான் தோற்றதாகவே இருக்காது.

“ரயில் வந்துருச்சு, ஏறு,” என்றேன். அவள் என்னைக் கட்டிப்பிடித்துவிட்டு, அழுதுகொண்டே ஏறினாள். எனக்கு அப்போது அழுகை வரவில்லை.

வெளியே அம்மா பெஞ்சில் அப்படியே இருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“குடுத்துட்டியா?”

“குடுத்துட்டேன்.”

“அந்தப் புள்ள எப்ப திரும்பக் கொண்டாந்து தரும்?”

“தராதும்மா. அவளே வச்சுக்கட்டும்னு சொல்லிட்டேன். நான் படிப்ப விட்டுட்டேன்.”

அம்மா என் பக்கம் திரும்பினாள். இவ்வளவு நேரம் நிமிர்ந்திருந்த உடம்பு சட்டென்று தளர்ந்துவிட்டது. என்னைப் பிடித்ததை விரட்டி நான் டாக்டர் ஆக வேண்டும் என்பதற்காகத்தான் அவள் சுங்கை சிப்புட்வரை போனாள். நான் விட வேண்டும் என்பதற்காக அல்ல. அது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

“நான் கழுவுனதாலயா?” என்றாள்.

“இல்லம்மா.”

“பொய் சொல்லாத. நான் தேச்சதுல கெட்டுப் போச்சா?”

“நீ தேக்கலைனாலும் இதான்மா. ஆத்தாகிட்ட செவப்புப் பூ வரணும்னுதான் நானும் கேட்டேன். எனக்கு முடியலம்மா.”

அவள் வெகுநேரம் ரயில் நிலைய வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்சிக்காரர் ஒருவர் வந்து எங்கே போக வேண்டும் என்று கேட்டுவிட்டு, பதில் வராமல் போனார்.

“எம்புட்டு நாளா?”

“ரொம்ப நாளா.”

“டாக்டர் மக, டாக்டர் மகன்னு நான் சிலிபின் பூரா சொல்லி வச்சுட்டேன்னுதான் வாயத் தெறக்காம இருந்தியா?”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவளுக்குப் பதில் தெரிந்துவிட்டது. முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். நான் அவள் கையைப் பிடிக்கப் போனேன்; அவளே எழுந்து நின்று, “சரி, காடிய எடு. வெயிலு ஏறுது,” என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் படுத்தேன். சாப்பிடவில்லை, உடை மாற்றவில்லை, தூங்கவும் இல்லை. வெயில் தாழ்ந்து, தெருவில் மோட்டார் சைக்கிள்கள் வீடு திரும்பிக்கொண்டிருந்தன. வாசலில் இருளாயி அக்காவின் குரல் கேட்டது. நேற்றுப் போட்ட காணிக்கை பலித்ததா என்று கேட்டாள்போல. அம்மா பதில் சொன்னாள். தெரு முழுவதும் கேட்கிற மாதிரி, வேண்டுமென்றே, உரத்த குரலில் சொன்னாள்.

“என்னத்த சொல்றது இருளாயி. நாந்தான் எம்புள்ள குடியக் கெடுத்தேன். அது படிப்பு சாமானாம், வெல மதிக்க முடியாததாம். கூறு கெட்ட கழுத நான், புளியப் போட்டுத் தேச்சு பாழாக்கிட்டேன். அதோட அவ படிப்பே போச்சு. அவ மேல ஒரு குத்தமும் இல்ல. யாராச்சும் கேட்டா சொல்லிரு, எல்லாம் என்னால வந்ததுன்னு.”

“அடக் கடவுளே! படிக்காத சனத்துக்கு என்னக்கா தெரியும்,” என்றாள் இருளாயி அக்கா.

“அதான். எல்லாருகிட்டயும் சொல்லு.”

எழுந்துபோய் இல்லை என்று சொல்ல நினைத்தேன். காலைக் கட்டிலிலிருந்து கீழேகூட வைத்தேன். எழ முடியவில்லை. அம்மா அடுத்த வீட்டுக்காரியையும் கூப்பிட்டு முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். அவள் சொல்லி முடிக்கும்வரை கட்டில் விளிம்பிலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.